பூஸ்ட் குறைஞ்சா உடனே புல்லியில கை வைக்காதீங்க!

மக்களே, இது ஹாட் ராட் பத்தின பதிவு. 1932 ஃபோர்டு மாதிரி பழைய காருக்குள்ள பெரிய வி8 எஞ்சினத் திணிச்சு, அது தலையில ஒரு சூப்பர்சார்ஜரையும் ஏத்தி ஓட்டுவாங்களே, அதேதான். கொலராடோவுல மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்கிற எனக்கு வாரக்கடைசி எல்லாம் இந்த வண்டிக்காரங்களோடதான் போகுது. அவங்ககிட்ட எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒண்ணு உண்டு. பூஸ்ட் மீட்டர் முள்ளு கொஞ்சம் கீழ நின்னா போதும், சூப்பர்சார்ஜர் புல்லிய சின்னதா மாத்திடுவாங்க.

புல்லி சின்னதானா சூப்பர்சார்ஜர் வேகமா சுத்தும், முள்ளும் ஏறும். ஆனா வியாதி அப்படியே இருக்கும். கூடவே காத்து இன்னும் சூடாகும். பங்க்ல கிடைக்கிற 91 ஆக்டேன் பெட்ரோல் அந்தச் சூட்டைத் தாங்கலேன்னா நாக்கிங் வந்து பிஸ்டனே ஓட்டையாகலாம். புல்லி விலையில ஆரம்பிச்ச செலவு எஞ்சின் விலையில போய் முடியும்.

பூஸ்ட்ங்கிறது எஞ்சினுக்குள்ள போற காத்தோட அளவு இல்லை. உள்ள போகமுடியாம மேனிஃபோல்டுல தேங்குற காத்தோட அழுத்தம். தோட்டத்துக் குழாய் நுனியைக் கட்டைவிரலால அழுத்தினா தண்ணி பீய்ச்சி அடிக்கும். அதுக்காக வாளி சீக்கிரம் ரொம்பிடுமா என்ன? நல்ல சிலிண்டர் ஹெட், கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்தினதும் பூஸ்ட் இறங்கினா, எஞ்சின் நல்லா மூச்சு விடுதுன்னு அர்த்தம். பவர் ஏறித்தான் இருக்கும்.

இருக்கிற ஊரையும் பாக்கணும். கடல் மட்டத்துல காத்தழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 1600 மீட்டர் உயரத்துல இருக்கிற டென்வர்ல சுமார் 12.2. அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்குற அதே செட்டப் கடற்கரையில 7.35 காட்டினா, இங்க 6.1தான் காட்டும். இதுல ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்லை.

சரி, நிஜமாவே கோளாறுதான்னு வைங்க. செலவில்லாததுல இருந்து ஆரம்பிங்க:

1. வேற மீட்டர் ஒண்ணை மாட்டிப் பாருங்க. ட்யூப்ல விரிசல் இருக்கா, அது சூப்பர்சார்ஜருக்குக் கீழ மேனிஃபோல்டுல இருந்துதான் வருதான்னும் பாருங்க.

2. எஞ்சினை நிறுத்திட்டு ஒருத்தரை ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. த்ராட்டில் முழுசா திறக்குதா? பென்ஷன் காசுல வண்டி கட்டின பெரியவர் ஒருத்தர் புல்லி வாங்கவே கிளம்பிட்டார். பார்த்தா அவர் வண்டியில முக்கால்வாசிதான் திறந்துச்சு!

3. கார்புரேட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவுல வேக்குவம் அளந்து பாருங்க. முழு த்ராட்டில்ல அங்க நல்லா வேக்குவம் இருந்தா, கார்புரேட்டரோ ஏர் ஃபில்டரோ பத்தலைன்னு அர்த்தம்.

4. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் இறங்கினா, பெல்ட் வழுக்குதோன்னு சந்தேகப்படுங்க. பல் வச்ச பெல்ட்னா வழுக்காது. அப்போ புல்லிப் பற்களை எண்ணுங்க. கீழ 55, மேல 60ன்னா சூப்பர்சார்ஜர் கிராங்க்கை விட 8 சதவீதம் மெதுவாத்தான் சுத்தும்.

5. மேனிஃபோல்டு கேஸ்கெட், பேக்ஃபயருக்குத் திறக்கிற வால்வு, பைபாஸ் வால்வு இருந்தா அதுவும், கசியுதான்னு பாருங்க.

6. சூப்பர்சார்ஜரைப் பிரிக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. பிரபலமான 6-71, டெட்ராய்ட் டீசல் எஞ்சின்ல இருந்து வந்தது. 6 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 71 கன அங்குலம், அதான் அந்தப் பேரு. ஹாட் ராடுக்குத் தயார் பண்ணின இந்த ரகத்துல ரோட்டார் ஓரமா டெஃப்ளான் பட்டை இருந்து அது தேஞ்சு போயிருந்தா, காத்து பின்னாடியே திரும்பி ஒழுகும்.

புல்லி மாத்துறதே பாவம்னு நான் சொல்லலை. மேல சொன்னது எல்லாத்தையும் பார்த்தாச்சு, எரிபொருளும் டியூனிங்கும் தாங்கும்னா தாராளமா மாத்துங்க. ஆனா முள்ளை ஏத்துறதுக்காக மட்டும் மாத்துறது, பாடம் புரியாம மார்க் வாங்குற மாதிரிதான். நம்மில் பல பேருக்கு அது பழக்கம்தானே, ஹி ஹி. எண்தான் வேணும்னா டைனோவுல ஏத்திக் குதிரைசக்தியை அளங்க. வண்டியை இழுக்கிறது அதுதான், மீட்டர் முள்ளு இல்லை.