பிளாட்பாரத்தில் யாரும் விரும்பிப் படுப்பதில்லை

“காப்பகம் கட்டிக் கொடுத்தாலும் வர மாட்டாங்க. பிளாட்பாரமே பழகிப்போச்சு.” வீடற்றவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சென்னையில் டீக்கடை முதல் அலுவலகம் வரை இந்தப் பதில்தான் வருகிறது. இது அபாண்டமான பழி.

இரவு ஒன்பதரைக்கு மேல், கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு பிராட்வே பக்கம் போனால் தெரியும். தார்ப்பாய் விரிகிறது. மூன்று செங்கல் அடுப்பில் சோறு கொதிக்கிறது. பக்கத்தில், சங்கிலி போட்டுப் பூட்டிய மீன்பாடி வண்டி. அந்தக் குடும்பத்தின் பிழைப்பே அதுதான். பையன் தெருவிளக்கு வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறான். தகரப் பெட்டிக்குள் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. நேற்று ரயிலேறி வந்தவர்கள் என்று நினைத்தால் தவறு. பாட்டி காலத்திலிருந்தே இதே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே பலர்.

இவர்களைக் காப்பகத்துக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? மாநகராட்சிக் காப்பகங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், வளர்ந்த பிள்ளை வேறிடம். வண்டியை எங்கே விடுவது? சட்டிபானையை யாரிடம் கொடுப்பது? மாடி வீட்டில் இருக்கும் எந்தத் தாயாவது இதற்குச் சம்மதிப்பாளா?

விதிகள் குடும்பத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே உத்தரவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள் இன்னும் தெளிவு: தலைக்கு 50 சதுர அடி, குடும்பங்களுக்கு மறைவிடத்தோடு கூடிய தனிக் காப்பகம், வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே கட்டடம். விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம். அப்படியானால் குறைந்தது 67 காப்பகங்கள் வேண்டும். அவற்றில் குடும்பங்களுக்கானவை எத்தனை என்பதைத்தான் மாநகராட்சியிடம் முதலில் கேட்க வேண்டும்.

வீடு ஒதுக்கினாலும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஊர்க்கோடியில். விடிகாலையில் சௌகார்பேட்டையில் மூட்டை இறக்க வேண்டியவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்த பஸ் பிடித்து வருவார்? திரும்பி வந்து பிளாட்பாரத்தில் படுத்தால், அதற்கும் ‘கொடுத்த வீட்டை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க’ என்ற பேச்சு.

இரவில் மீட்பு வண்டியோடு போகிறவர்கள் ‘வர மறுத்தார்’ என்று எழுதுமுன் ஏன் மறுத்தார் என்பதையும் கேட்டு எழுதட்டும். பிராட்வேக்கு நடக்கும் தூரத்தில் ஒரு குடும்பக் காப்பகம் திறக்கட்டும். வாசலில் மீன்பாடி வண்டி நிறுத்த இடம் விடட்டும். அதற்கும் யாரும் வரவில்லையென்றால் அப்புறம் பேசலாம்.