குளித்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. வருபவர்கள் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று மாறிமாறிக் குளித்து, பார்டர் பரோட்டா சாப்பிட்டு, நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு ஊர் திரும்புகிறார்கள். இவர்களுக்கு மண்ணின் கலைகளையும் காட்டத்தான் அரசு சாரல் விழா நடத்துகிறது. நோக்கம் நல்லது, வழிதான் தலைகீழ். கலையை அருவிக்கரைக்கு அழைத்து வருவதைவிட, அது நடக்கும் ஊருக்கு நடக்கும் நாளில் பயணியை அனுப்புவதே பயன் தரும். கணியான் கூத்தையே பாருங்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, இரவெல்லாம் நீளும் கூத்து அது. சாமியாடிக்கு அருள் வருவது மகுடம் என்னும் பறையின் அடியில்தான். விழா மேடையில் அதை நறுக்கி வைத்தால் ஆட்டம் மட்டுமே மிஞ்சும்; கதையும் சாமியும் ஊரும் போய்விடும்.

இந்தியாவின் பன்மையைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சீசன் நடக்கும் ஆடியிலேயே சங்கரன்கோவிலில் ஆடித்தபசு வருகிறது. கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கிச் சிவனும் திருமாலும் ஓருருவாய்க் காட்சி தரும் திருவிழா. கடையம் பக்கம் பொட்டல்புதூர் பள்ளிவாசல் கோயிலைப் போன்ற கட்டட அமைப்பு கொண்டது. இந்துக்களும் அங்கே நேர்ச்சை செலுத்துகிறார்கள். மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி கேரளத்தின் புனலூரிலிருந்து வரும்போது தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் முன் வரவேற்பு நடக்கிறது. ஆரியங்காவு ஐயப்பனின் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராகப் போகிறவர்கள் மதுரை சௌராஷ்டிரர்கள். திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை 1956இல் நம் பக்கம் சேர்ந்து எல்லைக்கோடு மாறியது. எல்லை தாண்டிய இந்தச் சம்பந்தங்கள் மாறவில்லை.

வெளியூர்க் கூட்டம் புகுந்தால் வழிபாடு வேடிக்கையாகிவிடும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் படம் எடுக்க வயலுக்குள் இறங்குபவர்களால் விவசாயிகள் படும் பாடு தெரிந்ததுதான். ஆனால் ஆடித்தபசும் பொட்டல்புதூர்க் கந்தூரியும் பெருந்திரளுக்குப் பழகிய விழாக்கள். கொடை அப்படியல்ல, ஊரார் வரி போட்டு நடத்துவது. வெளியாரை விடலாமா, படம் எடுக்க அனுமதிக்கலாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். குடும்பத்தோடு இரண்டு நாள் வருபவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்றும் கேட்கலாம். அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போடும் நாட்களில் லாட்ஜ் அறையிலேயே முடங்கிக் கிடக்கிறார்களே, அந்த நேரம் போதாதா?

இதற்குப் புதுக் கட்டடமோ பெருந்திட்டமோ தேவையில்லை. எந்த ஊரில் என்றைக்கு விழா, எங்கே வெளியாருக்கு வரவேற்பு உண்டு என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டு ஒரு தாளில் அச்சிட்டு, சீசன் தொடங்குமுன் மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு விடுதியிலும் வைக்கட்டும். சங்கரன்கோவிலுக்கும் பொட்டல்புதூருக்கும் குற்றாலத்திலிருந்தே சில சிறப்புப் பேருந்துகளையும் விடட்டும்.