பூச்சியை மட்டும் பார்த்தால் போதாது

போலகம் போன்ற காரைக்கால் கடைமடைக் கிராமங்களில் நெல்லுக்கு அடுத்த நம்பிக்கை உளுந்தும் பச்சைப்பயறும்தான். சம்பா, தாளடிக் கதிர் முற்றி நிற்கும்போதே, அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈர வயலில் விதையைத் தூவுகிறோம். உழவுச் செலவு இல்லை, பெரிதாகப் பாசனமும் இல்லை. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, 65 முதல் 70 நாளில் கையில் காசு தரும் பயிர் இது. நெல்லில் நட்டம் வந்த ஆண்டுகளில் வாங்கிய கடனுக்கு வட்டியாவது கட்ட உதவுவது இந்தத் தரிசுப் பயறுதான்.

இந்தப் பயிரைக் கெடுக்கும் பூச்சிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ. மற்றொன்று, பிஞ்சுக் காயில் சாற்றை உறிஞ்சி மணியைச் சுருங்க வைக்கும் காய் நாவாய்ப்பூச்சி. மருந்து அடிக்கிறோம். கேட்கவில்லை என்றால் மறுபடியும் அடிக்கிறோம். அப்போதும் கேட்கவில்லை என்றால் மருந்து போலி, அளவு குறைவு, அடித்த நேரம் சரியில்லை என்று காரணம் தேடுகிறோம். இவை எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால், நாம் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. அது பூச்சியின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா.

செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய உண்டு. உடல் வளர்க்கும் அமினோ அமிலங்கள் குறைவு. அதை மட்டுமே குடித்து அசுவினியும் வெள்ளை ஈயும் எப்படிப் பெருகுகின்றன? அவற்றின் உடலில் தனி அறைபோல அமைந்த செல்களில் வாழும் பாக்டீரியாக்கள், குறைபடும் சத்தைத் தயாரித்துக் கொடுக்கின்றன. பதிலுக்குப் பூச்சி இடமும் உணவும் தருகிறது. தாயிடமிருந்து இந்தக் கூட்டாளி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. இந்த பாக்டீரியாவை நீக்கிவிட்டால் அசுவினி நோஞ்சானாகி, குட்டி போடும் திறனையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

காய் நாவாய்ப்பூச்சியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. ரிப்டார்டஸ் பெடெஸ்ட்ரிஸ் என்ற இனம் நம் பயறு வயல்களிலும் உண்டு, ஜப்பானின் சோயா வயல்களிலும் உண்டு. இது தன் கூட்டாளி பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் குஞ்சுப் பருவத்தில் மண்ணிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்கிறது. பெனிட்ரோதயான் மருந்தைத் திரும்பத் திரும்ப இட்ட மண்ணில், அந்த மருந்தையே சிதைத்து உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை எடுத்துக்கொண்ட நாவாய்ப்பூச்சிக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2012-ல் நிரூபித்தார்கள். பூச்சி பல தலைமுறை காத்திருந்து பெறும் எதிர்ப்புத் திறனை இங்கே ஒரே தலைமுறையில் மண்ணிலிருந்து பெற்றுக்கொள்கிறது. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிப்பவர் தன் வயல் மண்ணிலேயே பூச்சிக்குக் கவசம் தயாரித்துக் கொடுக்கிறார் என்பதே இதன் பொருள்.

வெள்ளை ஈயிலும் இப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா, 2000-ல் நூற்றுக்கு ஒரு வெள்ளை ஈயில் இருந்தது. 2006-ல் நூற்றுக்கு 97-ல் இருந்தது. அந்த பாக்டீரியா உள்ள ஈக்கள் விரைவாக வளர்ந்தன, அதிகக் குஞ்சுகளைப் பெற்றன, அவற்றில் பெண்ணே மிகுதி. ஆனால் இஸ்ரேலில் இதே பாக்டீரியா அந்தப் பலனைத் தரவில்லை. இடத்துக்கு இடம், பூச்சிக்குப் பூச்சி நிலைமை மாறுகிறது. எனவே வெளிநாட்டு முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காரைக்கால் வயலில் இருக்கும் ஈயைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டை நமக்குச் சாதகமாகத் திருப்பவும் முடியும் என்பதற்குச் சான்று நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. வோல்பாச்சியா என்ற பாக்டீரியா 1924-ல் வீட்டுக் கொசுவில் கண்டறியப்பட்டது. அதைத் தாங்கிய ஆண், தாங்காத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டை பொரிக்காது. தாங்கிய பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அது கூட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இதைப் புகுத்தினால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குறைகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், உள்ளூர் கொசுவோடு கலந்து இத்தகைய இரு வகைகளை உருவாக்கி 2022-ல் அறிவித்தது.

நெல்லிலும் கதவு திறந்திருக்கிறது. புகையான் பூச்சியில் வேறொரு தத்துப்பூச்சியின் வோல்பாச்சியாவைப் புகுத்தி, அது பரப்பும் நெல் வைரஸ் நோயைக் குறைக்க முடியும் என்று சீன விஞ்ஞானிகள் 2020-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். நமக்கு நண்பனான டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியின் சில இனங்களில், வோல்பாச்சியா இருந்தால் ஆண் துணை இல்லாமலே பெண் குளவிகள் பிறக்கின்றன. தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு முட்டைகளைத் தேடி அழிப்பது பெண் குளவிதான் என்பதால், இது ஆராயத்தக்க வாய்ப்பு.

கொசுவுக்குச் செய்ததைப் பயிர்ப் பூச்சிக்கும் ஏன் செய்யக் கூடாது? காரைக்கால் செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுச்சேரியில் கொசு ஆய்வகம் இருக்கிறது. மூன்றும் ஒரே ஒன்றியப் பிரதேசத்துக்குள் உள்ளன. ஆண்டுதோறும் தரிசுப் பயறுப் பருவத்தில் போலகம் முதலான கிராமங்களின் வெள்ளை ஈ, நாவாய்ப்பூச்சி, வயல் மண் மாதிரிகளை எடுத்து, எந்தப் பூச்சி எந்தக் கூட்டாளியைச் சுமக்கிறது, எந்த மருந்து எடுபடவில்லை என்று பரிசோதித்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. நிலையான ஒரு திட்டமும், அரசு ஒதுக்கும் சிறு நிதியும் போதும்.

அதுவரை விவசாயிகள் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீர்கள். வேளாண் அலுவலரைக் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். மஞ்சள் தேமலைத் தாங்கும் ரக விதையைத் தேர்ந்தெடுங்கள். தேமல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழியுங்கள். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும்பொறி வையுங்கள். நெல்லில் யூரியாவை அளவோடு இடுங்கள். தழைச்சத்து மிகுந்த பயிரில் புகையான் கொழிக்கும். முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டும் நாட்களில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். பூச்சிக்குள் உள்ள பாக்டீரியாவைக் கொல்வதாகச் சொல்லி யாராவது ஆன்டிபயாடிக் மருந்தை விற்றால் வாங்காதீர்கள். அது பூச்சியை ஒழிக்காது; நாளை மனிதருக்கு நோய் வந்தால் அந்த மருந்து வேலை செய்யாமல் போகவும் வழி செய்யும்.

பூச்சி தனியாக வயலுக்கு வருவதில்லை, கூட்டாளியோடு வருகிறது. விவசாயி மட்டும் தெளிப்பானோடு தனியாக நிற்கிறார். அவருக்குத் துணையாக ஆய்வகங்கள் வயலுக்கு இறங்கி வர வேண்டும்.