கால் கிலோன்னா எத்தனை டம்ளர் மச்சி?

ரூம் சமையல் சிங்கங்களே! இந்த வாரம் அடுப்பைப் பத்த வைக்கப் போறதில்லை. கணக்குப் பாடம்! ஓடாதீங்க பாஸ், அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

எங்க ரூம்ல நடந்த கதை இது. நண்பன் ஒருத்தன் வேலையை விட்டுட்டு ஊருக்கே கிளம்பறான். அப்பாவுக்கு உடம்பு முடியலை, இனிமே மளிகைக் கடையை அவன்தான் பார்க்கணும். கிளம்புற நாளுக்கு முந்தின ராத்திரி அவனுக்குப் பொறந்த நாள். மாசக் கடைசி வேற. 'குக்கர்லயே கேக் பண்ணிடலாம்டா'ன்னு களத்துல குதிச்சோம். செய்முறையில 'மைதா 250 கிராம்'னு போட்டிருந்தது. தராசுக்கு எங்கே போக? பிளாஸ்டிக் ஜக்குல 250-ன்னு ஒரு கோடு தெரிஞ்சுது. அதுவரைக்கும் மைதாவைக் கொட்டினேன். (ஆமா, நான்தான்!) முக்கால் மணி நேரம் கழிச்சுத் திறந்தா, ஓரத்துல கேக், நடுவுல பாயசம்!

அந்தக் கோடு மில்லி, மக்களே. தண்ணிக்குத்தான் 250 மில்லின்னா 250 கிராம். மைதா உள்ளே காத்தை வெச்சுக்கிட்டு புஸ்ஸுன்னு உட்கார்ந்திருக்கும். 250 மில்லி எடுத்தா சுமார் 130 கிராம்தான் தேறும். கிட்டத்தட்ட பாதி! அதையே அமுக்கி அமுக்கி அள்ளினா எடை எகிறிடும். சர்க்கரைன்னா அதே கோட்டுல 210 கிராம் வரும். தேன் 350-ஐத் தொடும். சந்தேகமா? எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஒரு லிட்டருக்குப் பக்கத்துலயே 910 கிராம்னு போட்டிருக்கும்.

எலெக்ட்ரிக் குக்கரோட வர்ற கப் இன்னொரு வில்லன். சமையல் புத்தகத்துல 'ஒரு கப்'னா 240 மில்லி. இந்தக் கப் 180 மில்லிதான். அரிசி போட்டா சுமார் 150 கிராம். ரெண்டையும் குழப்பினா சோறு கஞ்சியாகும், இல்லேன்னா நறநறன்னு கடிபடும்.

உப்புல விளையாடவே கூடாது. தூள் உப்பு தலை தட்டி ஒரு டீஸ்பூன் எடுத்தா சுமார் 6 கிராம். கல் உப்புல இடைவெளி அதிகம், அதே ஸ்பூன்ல எடை குறையும். அம்மா சொன்ன கல் உப்புக் கணக்குல தூள் உப்பைப் போட்டீங்கன்னா சாம்பார் கடல்தான்.

தராசு வாங்கக் காசில்லையா? அரை கிலோ பாக்கெட்டைப் பிரிச்சதும், உங்க டம்ளர்ல தலை தட்டி எத்தனை வருதுன்னு எண்ணி, டப்பா மூடியில எழுதி ஒட்டிடுங்க. மைதாவை மட்டும் அமுக்காம ஸ்பூனால போட்டு நிரப்பணும். டம்ளரை மாத்தினா கணக்கும் போச்சு!

அந்தப் பாயசத்தை நண்பன் ஸ்பூன் போட்டு வழிச்சுச் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறினான். போன வாரம் கடையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். தராசுல 250 கிராம் மைதா. 'ரெண்டு டம்ளர்டா, முட்டாள்'னு கீழே ஒரு வரி. பக்கத்துல இருந்த டம்ளரை உத்துப் பார்த்தேன். எங்க ரூம் டம்ளர்! திருட்டுப் பய.