விலையை எழுதி வையுங்கள், பிறகு பேரம் பேசுவோம்

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் கல்யாண போட்டோகிராபர்கள் ஃபுல் ஃபிரேம் கேமரா தேடித் திருநெல்வேலிக்கு வருகிறார்கள். பல மாடல்களில் பாடி மட்டுமே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். நல்ல 70-200 லென்ஸும் சேர்ந்தால் நாலு லட்சத்தைத் தொடும். பலருக்கு அது வீட்டு நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். கண்ணாடி அலமாரிக்குள் கேமரா இருக்கிறது, விலைச்சீட்டு இல்லை. "எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டால், "நீங்க என்ன பட்ஜெட் வச்சிருக்கீய?" என்ற கேள்விதான் பதிலாக வருகிறது. நேர்மையாக விலை சொல்லும் கடைகளும் உண்டு. ஆனால் வாங்குபவரின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து விலை சொல்லும் வழக்கம் முடிவுக்கு வந்தாக வேண்டும்.

பேரம் பேசுவதற்கு நாம் எதிரியல்ல. மேலப்பாளையம் சந்தையைத் தெரிந்த ஊர் இது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நம் கால்நடைச் சந்தைகளுக்குப் புதிதல்ல. அங்கே பக்கத்தில் நிற்பவருக்குத்தான் விலை மறைவு; பேசுகிற இருவருக்கும் மறைவில்லை. மாட்டின் பல்லையும் நடையையும் இருவருமே பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். கேமரா கடையில் நடப்பது வேறு. அங்கே ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்கு ஒன்றும் தெரியாது.

பெட்டியில் எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி. அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் 1990-இல் வந்தது. அது உச்சவரம்பு மட்டுமே. விலையுயர்ந்த கேமராவை அந்த விலைக்கு வாங்குபவர் அரிது. வியாபாரத்தில் உண்மையாகப் புழங்குவது எம்.ஓ.பி. எனப்படும் விலை. என்ன விலைக்கு விற்கலாம் என்று கம்பெனி கடைக்காரருக்குச் சொல்வது அது, அடிக்கடி மாறும். அதை அறியாதவர், எம்.ஆர்.பி.யில் இருபதாயிரம் குறைத்ததும் பெரிய தள்ளுபடி கிடைத்ததாக மகிழ்ந்து போகிறார். அதே வாரத்தில் அதே கேமராவை எம்.ஓ.பி. தெரிந்த பழைய வாடிக்கையாளர் இன்னும் குறைத்து வாங்கிப் போயிருப்பார். பாதிக்கப்படுவது எப்போதும் முதல் கேமரா வாங்குபவர்தான்.

இதைவிடக் கேடு செய்வது "பில் வேண்டாம்னா குறைச்சுத் தாரேன்" என்ற பேச்சு. டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2,36,000 ரூபாய் கொடுத்தால் அதில் 36,000 வரி. பில் இல்லாமல் இருபதாயிரம் குறைந்தால் லாபம் போலத் தோன்றும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்று முறையாக வரி கட்டும் ஸ்டுடியோவுக்கு அந்த 36,000 வரவாகத் திரும்பியிருக்கும். அதை இழந்துதான் இருபதாயிரத்தைப் பெறுகிறார். பதிவு இல்லாதவருக்கும் இழப்பு உண்டு. சீரியல் எண் எழுதிய பில் இல்லையென்றால் கேமரா திருடு போனால் உரிமை காட்ட வழியில்லை, இன்சூரன்ஸும் கிடைக்காது, கம்பெனி வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

வெளிநாட்டிலிருந்து வேறு வழியாக வந்த சரக்குக்கு "ஷாப் வாரண்டி" என்று சொல்வார்கள். கிட்டிலிருந்து பிரித்தெடுத்த லென்ஸ் தனியாக விலை போகும். மலிவாகக் கிடைப்பதை விவரம் தெரிந்தே ஒருவர் வாங்கினால் அது அவர் விருப்பம். சொல்லாமல் விற்பதுதான் குற்றம். "நோ காஸ்ட் இ.எம்.ஐ."யும் இந்த ரகம்தான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைத் தவணைக்காரர் இழந்தால், அந்தத் தொகைதான் வட்டி.

கடைக்காரர்களுக்கும் நியாயம் உண்டு. லாபம் சொற்பம், விலையை வெளியே எழுதினால் அடுத்த கடை ஐந்நூறு குறைத்துக் கூப்பிடும் என்கிறார்கள். கம்பெனி கோபிக்கும் என்ற பயமும் இருக்கிறது. இந்த இரண்டாவது பயத்துக்குச் சட்டத்தில் மருந்து உண்டு. டீலர்கள் தங்கள் விருப்பப்படி தள்ளுபடி கொடுப்பதைத் தடுத்ததற்காக மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆனாலும் கேமரா கம்பெனிகளுக்கும் அது ஓர் எச்சரிக்கை. முதல் பயத்துக்கு நம் பதில்: அடுத்த கடையின் விலை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. விலை சொல்லத் தயங்கும் கடையை விட்டுத்தான் வாங்குபவர் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார். பழுது வந்தால் எடுத்துச் செல்ல உள்ளூர்க் கடை வேண்டும் என்று நினைக்கும் நாம், அந்தக் கடை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

ஒவ்வொரு பாடிக்கும் லென்ஸுக்கும் பக்கத்தில் அன்றைய விற்பனை விலையை, வரி சேர்த்து, கடைகள் எழுதி வைக்கட்டும். வாரண்டி யாருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் நடக்கலாம். போட்டோகிராபர் சங்கங்கள் தம் உறுப்பினர்கள் எந்த மாதம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைப் பதிவு செய்து பகிர்ந்தால், கூந்தன்குளத்தில் பறவை பார்க்க டெலிபோட்டோ லென்ஸ் தேடும் கல்லூரி மாணவருக்கும் அது உதவும்.

வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று சிலர் சொல்வார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். பில் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் வகைப்படுத்துகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம்.

தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்குத்தான் பொட்டலப் பொருள் விதிகளைக் காக்கும் பொறுப்பும் இருக்கிறது. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் பெட்டியில் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. திருநெல்வேலி தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் அடுத்த முகூர்த்தப் பருவத்துக்கு முன்பே கேமரா கடைகளுக்கும் போய் அந்தப் பெட்டிகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ சென்னையின் உத்தரவோ தேவையில்லை.