வீட்டுப் படமும் வெள்ளம் போகும் வழியும்

வன்னியிலே வீடு கட்டாத குடும்பம் இல்லை. ஒரு முறை மட்டும் கட்டிய குடும்பமோ மிக அரிது. இடம்பெயர்ந்த ஊர்களிலெல்லாம் கொட்டில் போட்டு, 2009இன் பின் மீண்டு வந்து தகரக் கூரையின் கீழ் வெந்து, அதன் பிறகே பலர் கல்வீடு கண்டனர். ஆகையால் இந்தக் கிழமை வீட்டுப் படத்தைப் பற்றி எழுதப் புகுந்தோமென்றால், அது பொழுதுபோக்கிற்காக அன்று என்பதை நேயர்கள் அறிவர்.

கண்டாவளைப் பக்கத்தில் எமக்கு உறவினர் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். கையிலிருந்தது வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணமும், வங்கியிலே பட்ட கடனும். பிழைத்தால் இடித்துக் கட்ட வழியில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக்கலை பயிலும் அவருடைய மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, படம் நான் கீறித் தாறன்" என்றான். மூன்றாம் நாள் மடிக்கணனியை விறாந்தை மேசையில் வைத்து எல்லோரையும் அழைத்தான். நாமும் அன்று அங்கிருந்தோம்.

படம் என்றா சொல்வது? வெள்ளைச் சுவர், கண்ணாடி யன்னல், முகப்பிலே ஒரு மோட்டார் வண்டி, அந்தி வெயில், பச்சைப் புல்தரை. விரலை அசைத்தால் வீடு சுழன்றது. உள்ளே நுழைந்து அறை அறையாக நடந்தோம். வீட்டுக்காரரும் மனைவியும் பேசவில்லை. கூட வந்த மேசன் தலையாட்டினார். முடிந்த வீடொன்றைக் கண்ட பின் யார் என்ன சொல்வது?

உறவினரின் வயது முதிர்ந்த தாயார் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, வெள்ளம் எந்தப் பக்கத்தாலே போகும்?" என்று கேட்டார்.

பையன் விழித்தான். படத்திலே நிலம் பாய் விரித்தாற்போலச் சமமாக இருந்தது. உண்மையான வளவு கிழக்கே சாய்ந்து ஒரு வாய்க்காலில் முடிகிறது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற நாட்களில், அந்த வளவிலே முழங்காலளவு நீர் ஓடிற்று. பழைய வீட்டுச் சுவரிலே அதன் கறை இன்னும் இருக்கிறது. கணனி அதை அறியாது. யாரும் சொல்லவில்லை, ஆகவே அது சமதரையை வைத்துக்கொண்டது.

முற்காலத்திலே நம்மவர் வீடு கட்டுமுன் நிலையம் எடுத்தார்கள். முளையடித்துக் கயிறு கட்டினால் வீடு வெறும் நிலத்திலே கோடாகத் தெரியும். அப்போது பெண்கள் வந்து நின்று, "குசினிப் புகை மண்டபத்துக்குள்ளே வரும்", "மாட்டை எங்கே கட்டுகிறது?" என்று கேட்பார்கள், முளை பிடுங்கப்பட்டு வேறிடம் போகும். செலவு ஒன்றுமில்லை. சாத்திரத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கயிற்றின் முன்னே எல்லோருக்கும் வாயிருந்தது என்பதே எமக்கு முக்கியம்.

கணனியிலே படம் கீறும் வித்தை புதிதன்று. ஐவன் சதர்லாந்து என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 'ஸ்கெச்பாட்' என்னும் செய்நிரலை ஆக்கியது 1963இல். 'ஓட்டோகாட்' 1982இல் வந்தது. வீட்டை முப்பரிமாணமாக எளிதிற் காட்டும் 'ஸ்கெச்அப்' 2000இல். இன்றோ சில சொற்களைக் கொடுத்தால் முகப்பையே வரைந்து தரும் செய்நிரல்களும் உண்டு. பென்சிற் கோட்டிலே வரைபவனின் ஐயம் தெரியும்: இரண்டு மூன்று கோடு போட்டிருப்பான், அழித்திருப்பான். கணனிக் கோடு, ஆழ்ந்து யோசித்துப் போட்டாலும், யோசியாமற் போட்டாலும் ஒரே நேராக நிற்கும். முடிவாகாதது முடிவானதுபோலத் தோன்றுகிறது. கேள்வி கேட்க வேண்டிய வேளையிலே கண் மயங்கிவிடுகிறது.

அந்த வேளையின் விலை பெரிது. போய்ட் போல்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1976இலேயே இதனை ஒரு வரைபடமாகக் காட்டினார். தொடக்கத்தில் ஒரு முடிவை மாற்றச் செலவு சொற்பம், ஆனால் மொத்தச் செலவை மாற்றும் வலிமை மிகுதி. நாட்செல்ல நாட்செல்ல இது தலைகீழாகும். நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கதை ஒன்றும் இதற்குப் பொருந்தும். சிகிரியாக் குன்றின் அருகே ஓர் இடத்தைக் காட்டி அங்கே விடுதி கட்டச் சொன்னபோது, அவர் அதை ஏற்காது, தள்ளிப் போய்க் கண்டலமக் குளத்தருகேயுள்ள பாறைச் சரிவைத் தெரிந்தார். அவ்விடுதி 1994இல் எழுந்தது. அதன் மிகப் பெரிய முடிவு, படத்தாளில் ஒரு கோடும் விழுமுன் எடுக்கப்பட்டது.

வன்னியிலேயே பார்ப்போம். 2012 முதல் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா தவணையாகக் கொடுக்கப்பட்டது. கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. ஏறக்குறைய 550 சதுர அடி வீடு. பணம் போதாமற் கடன்பட்டவர்கள் பலர், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வாசல் எங்கே, குசினி எங்கே என்று வீட்டவர் வாய்திறக்க இடமிருந்தது. பின்னர் 2016 அளவில் ஆசெலர் மிற்றல் நிறுவனத்தின் உருக்கு வீடுகள் 65,000ஐ வடக்குக் கிழக்கில் நிறுத்தும் திட்டம் வந்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. வெயிலில் உருக்குச் சுவர் எப்படியிருக்கும், விறகடுப்புப் புகை எங்கே போகும், அத்திவாரம் போதுமா, நாளைக்கு ஓர் அறை கூட்டலாமா என்று இங்குள்ள பொறியியலாளரும் அறிஞரும் மக்களும் கேட்டார்கள். அவை முளையடிக்கும் நாளிற் கேட்க வேண்டிய கேள்விகள். திட்டம் வகுத்து விலை பேசிய பின்னரே கேட்க நேர்ந்தது. பெரும் எதிர்ப்பின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவும் சொல்லிக் கணனியைக் கிணற்றிலே போடச் சொல்கிறோம் என்று மாணவ நேயர்கள் கோபிக்க வேண்டாம். அன்றைய விறாந்தைக்கே திரும்புவோம்.

பையன் கெட்டிக்காரன். மோட்டார் வண்டியையும் புல்லையும் நீக்கினான்; சுவரின் நிறத்தையும் எடுத்துவிட்டான். வெறும் சாம்பற் பெட்டிகள் நின்றன. கிளிநொச்சியின் அகலாங்கைக் கொடுத்து வெயிலை ஓடவிட்டான். நாமறியாத ஒன்றை அப்போது கண்டோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆவணி வரை வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆனி நடுப்பகலில் வடக்குச் சுவருக்கு இரண்டடித் தாழ்வாரம் இருந்தால் ஏறக்குறைய எட்டடி நிழல் விழும். மார்கழியில் வெயில் தெற்கிலிருந்து சரிந்து வருவதால், அதே தாழ்வாரம் தெற்குச் சுவரிலே மூன்றடி மட்டுமே மறைக்கும். மேற்குச் சுவருக்கு எந்தத் தாழ்வாரமும் போதாது. பின்னேர வெயில் அதன் கீழாற் புகுந்துவிடும். மகளின் படுக்கையறை முதற் படத்தில் மேற்கிலேதான் இருந்தது. கைத்தொலைபேசியிற் கண்ட, தாழ்வாரமே இல்லாத பெட்டி முகப்பை அவள் விரும்பியிருந்தாள். வெயில் ஓடுவதைப் பார்த்த பின் அவளே அதை வேண்டாமென்றாள். நாம் ஆயிரம் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்!

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை சீமெந்துக் கல் கூடும், குறையும் என்பதையும் கணனி உடனே சொல்லிற்று. மேசன் அப்போதுதான் வாய்திறந்தார்; கணனியின் கணக்கிலே முறியும் கல் சேரவில்லை என்றார். சேர்த்தார்கள்.

வெள்ளத்துக்கு மட்டும் செய்நிரலில் விடை இல்லை. பையன் மடிக்கணனியை மூடிவிட்டு, அளவு நாடாவுடன் பழைய சுவரிலுள்ள கறையை அளக்கப் போனான். அம்மம்மா பின்னாலே போய், நீர் புகுந்த மூலையையும் வெளியேறிய மூலையையும் கைத்தடியாற் காட்டினார். தரைமட்டம் கறைக்கு மேல் ஓரடி உயர்த்தப்பட்டது. அத்திவாரச் செலவு கூடியதால் முன்மண்டபம் சுருங்கியது. மோட்டார் வண்டி நிற்கும் இடம் முற்றாகப் போயிற்று. (வண்டி ஒருபோதும் இருந்ததில்லை.) புதிய படத்தைத் தாளில் எடுத்து, பென்சிலையும் கூடவே மேசையில் வைத்தான் பையன்.

கடைசியாக நாம் போனபோது அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். தாளிலே குசினிக்குப் பின்புறம் நடுங்கிய கோட்டில் ஒரு வட்டம் இருந்தது. என்னவென்று கேட்டோம். "அது அம்மம்மாவின் உரல்" என்றான்.