300 முகவரி... 13 ஷீட் போதும்! ஆபீஸில் ஸ்டிக்கர் வீணாவது எங்கே?

சங்கத்து ஆண்டு விழா அழைப்பிதழோ, வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளி வாழ்த்தோ... "300 கவருக்கு அட்ரஸ் ஸ்டிக்கர் அடிச்சுக் கொடும்மா" என்கிற வேலை பெரும்பாலும் ஆபீஸிலேயே ஜூனியர் தலையில்தான் விழும். அதுவும் தபாலில் சேர்க்க ஒரு மணி நேரம் இருக்கும்போது. முதல் ஷீட்டில் எழுத்து ஸ்டிக்கர் கோட்டைத் தாண்டும். இரண்டாவதில் மேலே ஏறும். ஐந்தாவதில் ஒரு ஸ்டிக்கர் உள்ளேயே உரிந்து ஒட்டிக்கொள்ள, பிரின்டர் நின்றுவிடும். "இதுகூடத் தெரியலையா?" என்ற பேச்சு ஜூனியருக்கு, சர்வீஸ் பில் முதலாளிக்கு.

இத்தனைக்கும் கணக்கு எளிது. ஒரு ஷீட்டில் 24 ஸ்டிக்கர் என்றால் 300 முகவரிக்கு 13 ஷீட் போதும். கூடுதலாகப் போகிற ஒவ்வொரு ஷீட்டும் 'பிரின்ட்' பட்டனை அமுக்குவதற்கு முந்தைய அவசரத்தில் வீணாவதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பேப்பர் அளவு. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் லேபிள் ஷீட் ஏ4. அதாவது 210 மி.மீ அகலம், 297 மி.மீ உயரம். வேர்டில் பல நேரம் அமெரிக்க 'லெட்டர்' அளவு இருக்கும். அதன் உயரம் 279 மி.மீ மட்டுமே. 18 மி.மீ வித்தியாசம் என்பது அரை ஸ்டிக்கர் உயரம்! அடுத்த வில்லன், பிரின்ட் செய்யும்போது வரும் 'ஃபிட் டு பேஜ்'. அதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவிகிதம் என்று வைக்க வேண்டும்.

பாக்கெட் மேலேயே ஸ்டிக்கரின் அளவு அச்சாகியிருக்கும். 24 ஸ்டிக்கர் ஷீட்டில் 64 x 34 மி.மீ என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. வேர்டில் இருக்கும் ரெடிமேட் பட்டியலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுக்காமல், 'நியூ லேபிள்' போய் இந்த அளவை ஒருமுறை உள்ளிட்டுப் பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால் அடுத்த வருஷமும் அதே உதவும்.

பிறகு, ஸ்டிக்கர் ஷீட்டைத் தொடாமல் சாதாரண ஜெராக்ஸ் பேப்பரில் ஒரு பக்கம் அடித்து, அதை ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். எல்லா முகவரியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மார்ஜினை மாற்றினால் போதும். மேல் வரிசை சரியாக இருந்து, கீழே போகப் போக விலகினால் ஸ்டிக்கர் உயரம் தப்பு. 34-க்குப் பதில் 33 என்று போட்டிருந்தால்கூட எட்டாவது வரிசையில் 7 மி.மீ ஏறி நிற்கும். ஆபீஸில் யாரும் பொறுமையாகச் செய்யாத வேலை இது. ஆனால், அதிக ஷீட்களைக் காப்பாற்றுவதும் இதுதான்.

முகவரிகள் எக்ஸெலில் இருந்தால் 'மெயில் மெர்ஜ்' செய்வார்கள். இங்கே பலரும் மறப்பது 'அப்டேட் லேபிள்ஸ்' பட்டன். அதை அமுக்காவிட்டால் ஷீட்டுக்கு ஒரே ஒரு முகவரி அச்சாகி, மற்ற 23 கட்டமும் காலியாக வரும். மெர்ஜ் முடிந்ததும் மொத்தப் பக்கம் 13-தானா என்று பார்த்த பிறகே பிரின்ட் கொடுக்க வேண்டும். முகவரிகள் பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்டில் இருந்தால், பிரின்டர் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரிலும் அந்த ஃபான்ட் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிக்கர் முழுக்க ஆங்கில எழுத்துகள்தான் கன்னாபின்னாவென்று வரும்.

இப்போது 13-வது ஷீட். அதில் 12 முகவரிதான் இருக்கும், மீதி 12 காலி. 'அடுத்த முறை ஆகும்' என்று அந்தப் பாதி ஷீட்டை எடுத்து வைப்பது சிக்கனம் மாதிரித் தெரியும். லேசர் பிரின்டர் என்றால் அதுவே பெரிய செலவில் கொண்டுபோய்விடும். டோனர் பொடியைப் பேப்பரில் உருக்கி ஒட்டவைக்கும் 'ஃபியூஸர்' என்ற பாகம் கடும் சூட்டில் இயங்குகிறது. ஒருமுறை சூடுபட்ட ஷீட்டில் பசை இளகி, ஸ்டிக்கர் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும். நடுவில் சிலது உரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். மறுபடி உள்ளே போகும்போது ஒன்று உருளையில் ஒட்டினாலும், மிச்சம் பிடித்த 12 ஸ்டிக்கரின் விலையைப்போல பல மடங்கு சர்வீஸுக்குப் போய்விடும்.

அதனால் அந்த 12 கட்டங்களையும் அன்றே நிரப்பிவிடுவது நல்லது. ஆபீஸின் 'ஃப்ரம்' அட்ரஸ், ஃபைல்களுக்கான வருடப் பெயர், ஸ்டோர் ரூம் பெட்டிகளின் பெயர் என்று எதையாவது அடித்து வைத்தால் கட்டாயம் செலவாகும். இங்க்ஜெட்டில் சூடு இல்லை என்பதால், உரிக்காத பாதி ஷீட்டை இன்னொரு முறை விடலாம். ஒரே ஒரு முகவரிதான் வேண்டுமென்றால், வேர்டில் 'சிங்கிள் லேபிள்' போய் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால், பல இங்க்ஜெட் மைகள் மழைத்துளி பட்டாலே கரையும். ஐப்பசி, கார்த்திகையில் தபாலில் போகிற கவருக்கு லேசர்தான் பாதுகாப்பு. ஒன்று முக்கியம்... இங்க்ஜெட்டுக்கு என்று விற்கும் ஷீட்டை லேசரில் விடவே கூடாது. அதன் பசை அந்தச் சூட்டைத் தாங்குமென்று சொல்ல முடியாது.

லேசரில் பேப்பர் வகையை 'லேபிள்ஸ்' என மாற்றினால், அந்தத் தடிமனுக்கு ஏற்ற வேகத்தில் ஓடி டோனர் நன்றாகப் பிடிக்கும். அடி டிரேயைவிட, கையால் ஒவ்வொன்றாக வைக்கும் டிரேயில் பேப்பர் அதிகம் வளையாது. எந்தப் பக்கம் அச்சாகிறது என்று தெரியாவிட்டால், ஜெராக்ஸ் பேப்பரில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு விட்டுப் பார்க்கலாம்.

அப்படியும் ஸ்டிக்கர் உள்ளே ஒட்டிவிட்டால் கத்தி, கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர் எதுவும் வேண்டாம். உருளையில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு விழும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும், ஷீட்டை இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கலாம். ஷீட் மட்டும் வந்து ஸ்டிக்கர் உள்ளே தங்கிவிட்டால், திரும்ப ஆன் செய்யாமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதே மலிவு.

மிச்சமுள்ள ஷீட்களைப் பிரித்த பாக்கெட்டிலேயே போட்டு, படுக்கவைத்து, மேலே ஒரு கனமான ஃபைலை வைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் ஓரம் சுருண்டுவிடும். சுருண்ட ஷீட்டை எந்த பிரின்டரும் ஒழுங்காக இழுக்காது.